கோவையைச் சூழ்ந்த வழிகள்

அட்டப்பாடி மலைநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோவை மாநகர் அயலூர் அன்று. திருமணத்திற்குப் பட்டெடுக்கவும், மக்களைக் கல்லூரியிற் சேர்க்கவும், நோயுற்றாரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அகளியிலிருந்து ஆனைகட்டி வழியே நாம் இறங்குவது அந்நகருக்கே. மேற்கே மன்னார்க்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதை மழைக்காலத்தில் மண்சரிந்து அடைபடும் நாள்களில், பாலக்காட்டுக்குப் போக வேண்டியவரும் கிழக்கே இறங்கிக் கோவையைச் சுற்றி வாளையாறு வழியாகவே போதல் வேண்டும். நம் மாவட்டத் தலைநகரை அடைவதற்கு அயல்மாநிலத்துப் பெருநகர் ஒன்றின் தெருக்களில் ஊர்ந்து செல்ல வேண்டியிருப்பது ஒரு விந்தையே. ஆதலின் அந்நகரைச் சுற்றி அமைந்த வழிகளின் வரலாற்றை நம் சங்க ஆண்டு மலரில் எழுதுவது பொருத்தமற்றதாகாது எனக் கருதுகிறேன்.

புறவழி என்பது நகருக்குள் புகாமல் அதன் புறத்தே சுற்றிச் செல்லும் வழி. சொல் எளிது. ஆயினும் அதனைத் திட்டமிடுவோர் முதற்கண் விடை காண வேண்டிய வினா ஒன்றுண்டு. நகரின் வாயிலில் வந்து நிற்கும் நூறு வண்டிகளுள் நகரை நாடி வந்தவை எத்தனை? நகரைக் கடந்து வேற்றூருக்குச் செல்ல வந்தவை எத்தனை? இதனை அறியச் சாலையோரத்தில் ஆட்களை நிறுத்தி, வண்டியோட்டுவோரிடம் எங்கிருந்து வருகிறீர், எங்குச் செல்கிறீர் என்று கேட்டுப் பல நாள் கணக்கெடுப்பர். பெரும்பாலான வண்டிகள் நகரையே நாடி வந்தனவாயின், எத்துணைப் பொருள் செலவிட்டுப் புறவழி அமைத்தாலும் நகரின் நெரிசல் தீராது. கடந்து செல்வனவே மிகுதியாயின், புறவழி நகருக்கும் நன்மை, வழிச்செல்வார்க்கும் நன்மை.

கோவை இருக்கும் இடம் எத்தகையது? மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கும் தெற்கும் மதில்போல் நிற்க, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டினின்று சேர நாட்டுக்கு மலையேறாமற் செல்லத்தக்க வாயில் அது. கோவை அவ்வாயிலுக்கு முன்னே அமைந்த முற்றம். வாயிலை நோக்கி வரும் வழிகள் யாவும் முற்றத்தில் கூடித்தானே ஆதல் வேண்டும்! எனவே கடந்து செல்வார் கூட்டம் இம்மண்ணுக்குப் புதிதன்று. கோவை என்னும் நகர் சிறப்புறுவதற்கு முன்னரே அக்கூட்டம் இவ்வழியே சென்றுகொண்டிருந்தது.

இதற்குச் சான்று கல்லிலேயே உள்ளது. கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையொன்றில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயரைத் தாங்கிய கல்வெட்டு இருக்கிறது. வட்டெழுத்திலும் தமிழெழுத்திலுமாக இருவகையாகவும் அது பொறிக்கப்பட்டுள்ளது. சோழ மன்னன் முதலாம் ஆதித்தன் காலத்தது, அஃதாவது கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஒரே செய்தியை ஏன் இருவகை எழுத்தில் பொறித்தனர்? வட்டெழுத்துப் பயின்றவரும் தமிழெழுத்துப் பயின்றவருமாகிய இருசாராரும் அவ்வழியே சென்றனர் என்று கொள்வதே இயல்பு. தருமபுரிப் பக்கத்து அதமன்கோட்டையில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அது நாவற்றாவளம் என்னும் ஊருக்குள்ள தொலைவு 29 காதம் என்பதை எண்ணாற் பொறித்ததோடு, எழுத்தறியாதாரும் உணருமாறு குழிகளாகவும் குடைந்து காட்டுகிறது. வழிப்போக்கனின் அறியாமையையும் எண்ணிப் பார்த்து வழியமைத்த அவ்வுள்ளத்தை நினைக்குந்தோறும் வியப்பே மிகுகிறது. இந்நாளில் ஒரு கைகாட்டிப் பலகையைத் தேடிக் கண் நோகும் நமக்கு அதன் அருமை நன்கு தெரியும்.

இராசகேசரிப் பெருவழி பேரூர்ப் பக்கமாக, நொய்யலின் மேற்பகுதியைச் சார்ந்து, மலையடிவாரத்தை ஒட்டிக் கணவாயை நோக்கிச் சென்றது. அந்நாளில் பெயர்பெற்ற ஊர் பேரூரே. ஆயினும் வணிகர் நடமாட்டம் அப்பக்கத்தில் மட்டும் இருந்ததெனக் கொள்ளல் ஆகாது. கோவைக்குத் தென்கிழக்கே நொய்யலின் தென்பால் உள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டில் உரோம நாட்டு வெள்ளிக் காசுகள் 500-க்கு மேற்பட்டவை புதையலாகக் கிடைத்தன. மேற்கடலில் வந்திறங்கிய யவனர் செல்வம் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் புகுந்து கீழ்த்திசை சென்ற தடத்தில் வெள்ளலூர் ஒரு தங்கிடமாக இருந்திருத்தல் வேண்டும். ஆகவே மேற்கே ஒரு தடம், தென்கிழக்கே ஒரு தடம் என இருதடங்கள் பண்டே தோன்றிவிட்டன. பின்வந்தோர் செய்ததெல்லாம் இவ்விரண்டுள் ஒன்றை மீண்டும் மீண்டும் கண்டுபிடித்ததே என்பது என் எண்ணம்.

முதலிற் கண்டுபிடித்தவர் இருப்புப்பாதைப் பொறிஞர். சென்னையிலிருந்து மேற்கடற்கரையிலுள்ள பேப்பூருக்கு இருப்புப்பாதை இட்டபோது, அவர்கள் கோவை நகரை நாடி வரவில்லை. கிழக்கிலிருந்து இருகூர் வந்த பாதை, அங்கிருந்து தென்மேற்கே திரும்பிப் போத்தனூரை அடைந்து, மதுக்கரை வழியாகக் கணவாய்க்குள் நுழைந்தது. மேற்கிலிருந்து வந்த பகுதியும் 1862-ஆம் ஆண்டில் போத்தனூரைத் தொட்டது. கோவை மக்கள் வண்டி கட்டிக்கொண்டு போத்தனூர் சென்று தொடர்வண்டி ஏறினர். போத்தனூரினின்று மேட்டுப்பாளையத்துக்கு 1873-இல் கிளைப்பாதை இட்டபோதுதான் கோவைக்கு நிலையம் கிடைத்தது. கோவையின் முதற்புறவழி இருப்பினால் ஆகியது என்று சொன்னால் மிகையாகாது. பிற்காலத்தில் இருகூரிலிருந்து பீளமேடு வழியாகக் கோவைக்கு நேர்ப்பாதை அமைந்த பின்னரும், கேரளஞ்செல்லும் தொடர்வண்டிகள் சில நகருக்குள் வாராமல் போத்தனூர் வழியே சென்றமையால் கோவையார் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். ‘எம்மைச் சுற்றிச் செல்லாதீர், எம் ஊருக்குள் வாருங்கள்’ என்று தொடர்வண்டியை வேண்டிய அதே ஊரார், ‘எம் ஊருக்குள் வாராதீர், சுற்றிச் செல்லுங்கள்’ என்று பின்னர்ச் சுமையுந்துகளை வேண்டிக்கொண்டனர். பயணியை இறக்கிச் செல்லும் வண்டி நகருக்குச் செல்வம்; புகையை மட்டும் இறக்கிச் செல்லும் வண்டி யாருக்கு வேண்டும்?

சுமையுந்துகள் பெருகியதற்குக் காரணம் நகரின் வளர்ச்சியே. 1866-இல் நகராட்சியான கோவையில் 1901-இல் ஏறத்தாழ 53,000 மக்களே வாழ்ந்தனர். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்னாற்றல் வந்தது; பஞ்சாலைகள் பல்கின. 1934-இல் மதுக்கரையில் சிமெண்டு ஆலை எழுந்தது. 1961-இல் மக்கள்தொகை 2,80,000-ஐத் தாண்டிற்று. சேலத்திலிருந்து கன்னியாகுமரி வரை 47-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என வழங்கிய பெருஞ்சாலை, அவிநாசிச் சாலையாக நகருக்குள் நுழைந்து, உக்கடத்தில் பெரிய குளத்தை ஒட்டித் திரும்பி, ஆத்துப்பாலத்தில் நொய்யலைக் கடந்து, குனியமுத்தூர் வழியாகப் பாலக்காட்டுச் சாலையாய் வெளியேறியது. குளங்களுக்கும் ஆற்றுக்கும் இடையே அமைந்த ஒடுங்கிய கரைநிலம் அது. அங்கே சாலையை அகலப்படுத்த வேண்டுமாயின் வீடுகளை இடிக்க வேண்டும். அன்றேல் குளத்தைத் தூர்க்க வேண்டும். வடநாட்டிலிருந்து கொச்சித் துறைமுகத்துக்குச் செல்லும் வண்டியும், உக்கடத்துச் சந்தைக்குக் காய்கறி கொணரும் வண்டியும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் அவ்வொரே இடுக்கில் சந்தித்தனர்.

மேல்நாட்டார் இத்துன்பத்தை எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதை ஈண்டு ஒப்பு நோக்கலாம். இங்கிலாந்தில் முதன்முதலில் அமைந்த மோட்டார் விரைவுச்சாலை இலண்டனுக்கு இட்டதன்று. இலங்காசயர்ப் பகுதியில் பிரஸ்டன் என்னும் ஊரைச் சுற்றி இட்ட எட்டேகால் மைல் புறவழியே அது. 1958-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் பிரதமர் மாக்மில்லன் அதனைத் திறந்து வைத்தார். 46 நாள்களில், பனியுறைவால் தளம் பழுதுற்று, சாலை சிலநாள் மூடப்பட்டது. அதனைக் கண்டு நகைத்தார் பலர். ஆனால் அதனைத் திட்டமிட்ட ஜேம்ஸ் டிரேக் என்னும் பொறிஞர் செய்துவைத்த ஒரு செயல் நகைத்தற்குரியதன்று. அன்றைய தேவைக்குப் பக்கத்துக்கு இரண்டு தடங்களே போதும் என்று அமைத்தவர், நடுவே அகன்ற நிலத்தை வெறுமையாக விட்டு, பாலங்களையும் அதற்கேற்ப அமைத்துவிட்டார். சில ஆண்டுகளில் மூன்றாந்தடம் வேண்டியபோது, ஒரு வீட்டையும் இடிக்காமல் அவ்வெறுநிலத்தைத் தளமாக்கிக்கொண்டனர். தளத்தின் பழுதைச் சில வாரங்களில் திருத்திவிடலாம். இடம் விடாமற் கட்டிய பழுதைத் திருத்த ஒரு தலைமுறை ஆகும்.

இனி நம் கதைக்கு வருவோம். தேசிய நெடுஞ்சாலைகளை அரசே தன் பொருளால் அமைத்து வந்த முறை 1995-இல் மாறிற்று. தனியார் தம் முதலைக் கொண்டு சாலை அமைத்து, வண்டிகளிடம் சுங்கம் பெற்று, குறித்த ஆண்டுகள் கழிந்தபின் அரசிடம் ஒப்படைக்கலாம் எனச் சட்டம் திருத்தப்பெற்றது. அம்முறையில் நாட்டில் எழுந்த முதற்சில சாலைகளுள் ஒன்று கோவைப் புறவழி. 1997-இல் எல் அண்டு டி குழுமத்தின் கிளை நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. நகருக்குள் ஆத்துப்பாலத்தில் பழைய பாலத்துக்குத் துணையாக ஒரு புதுப்பாலமும், நகருக்கு வெளியே நீலம்பூரிலிருந்து மதுக்கரை வரை ஏறத்தாழ 28 கிலோமீட்டர்ச் சாலையும் அவ்வொப்பந்தத்தில் அடங்கும். பாலம் முதலில் முடிந்தது. சாலை 2000-ஆம் ஆண்டளவில் திறக்கப்பெற்றது.

அச்சாலை சென்ற தடத்தை நோக்குக. அவிநாசிச் சாலையில் நீலம்பூரில் பிரிந்து, இருகூர்ப் பக்கமாகத் தெற்கே இறங்கி, சிந்தாமணிப்புதூரில் திருச்சிச் சாலையைக் கடந்து, நொய்யலைத் தாண்டி, வெள்ளலூர்ப் பக்கமாக மேற்கே வளைந்து, ஈச்சனாரியில் பொள்ளாச்சிச் சாலையைக் கடந்து, மதுக்கரையில் பாலக்காட்டுச் சாலையைச் சேர்கிறது. இருகூர், போத்தனூர், மதுக்கரை என்று 1862-இல் இருப்புப்பாதை சென்ற பக்கமே இது! உரோமக் காசுகள் கிடைத்த வெள்ளலூரும் இப்பக்கமே. மூன்று காலத்தவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்தாரல்லர். மேற்கே மலையும் நடுவே குளங்களும் இருக்கத் தென்கிழக்கே நிலம் சமனாய்க் கிடந்தது, அவ்வளவே.

சமன்நிலம் என்பதனால் வேலை எளிதென்று எண்ணற்க. கோவையின் கிழக்கிலும் தெற்கிலும் பல இடங்களில் கரிசல் மண். மழையில் பொங்கும்; வெயிலில் பிளக்கும். அதன்மேல் அப்படியே சாலை இட்டால் ஓரிரு மழைக்காலத்தில் தளம் அலையலையாய் நெளிந்துவிடும். ஆகவே இத்தகைய நிலத்தில் கரிசலை அகழ்ந்தெடுத்து, செம்மண்ணும் சரளையும் நிரப்பி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அடுக்கு அடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, உருளையால் அழுத்தி, ஒவ்வோர் அடுக்கின் இறுக்கத்தையும் சோதித்த பின்னரே அடுத்த அடுக்கை இடுவர். அதன்மேல் உடைகல், அதன்மேல் தார்க்கலவை. வளைவுகளில் வண்டி வெளிப்புறம் சாயாதிருக்க வெளிவிளிம்பை உயர்த்துவர். சாலை முடிந்தபின் நம் கண்ணுக்குத் தெரிவது கருந்தளம் ஒன்றே. பொருளும் உழைப்பும் பெரும்பகுதி அதன் அடியில் மறைந்து கிடக்கின்றன.

இனி, குறை. நகருக்குள் இருந்த ஆத்துப்பாலத்தில் சுங்கச்சாவடி வைத்தமை கோவையார் உள்ளத்தை நெடுநாள் உறுத்திற்று. தம் ஊரின் ஆற்றைத் தாம் கடக்கத் தாமே பணம் தருவதா என்ற கேள்வி நேர்மையானதே. ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடந்த அச்சுங்கம் 2018-இல் முடிந்தது. ஆயினும் அது பொருளின் இழப்பு மட்டுமே. உயிரின் இழப்பு புறவழியில் நேர்ந்தது. அச்சாலை இருவழித் தடமாகவே கட்டப்பட்டது. எதிரெதிர் வண்டிகளைப் பிரிக்கும் நடுத்திட்டு இல்லை. தொடக்கத்தில் அது போதுமானதாக இருந்தது. பின்னர் 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் செங்கப்பள்ளியிலிருந்து நீலம்பூர் வரை ஆறு தடங்களாகவும், மதுக்கரையிலிருந்து வாளையாறு வரை நான்கு தடங்களாகவும் நெடுஞ்சாலை விரிவாயிற்று. கேரளப் பக்கத்திலும் வடக்கஞ்சேரிக்கு அப்பால் ஆறு தடங்கள் அமைந்து, குதிரான் மலையைக் குடைந்த சுரங்கவழி 2021-இல் திறக்கப்பெற்றது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் வாளையாற்றுச் சோதனைச்சாவடியில் வணிகவரிக்காகச் சுமையுந்துகள் வரிசையில் காத்துக் கிடந்த நிலையும் நீங்கிற்று. இருபுறமும் வழி அகன்றது. இடையில் இருந்த 28 கிலோமீட்டர் மட்டும் ஒப்பந்தத்தின் காப்பில் பழைய அகலத்திலேயே நின்றது. அகன்ற குடத்துக்கு ஒடுங்கிய கழுத்து அமைந்ததுபோல் ஆயிற்று. ஆறு தடங்களில் விரைந்து பழகிய ஓட்டுநர், இருதடத்தில் முந்த முயன்று எதிர்வண்டியில் மோதிய செய்திகளை நாளிதழ்களில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர், 30 ஆண்டுகளுக்குப் பின் வரும் வண்டிகளை எண்ணியிருக்க வேண்டாவோ என்று கேட்கலாம். அக்கால நிலையில் அரசிடம் பொருள் இல்லை; தனியார்க்கோ இம்முறை புதிது; எத்தனை வண்டிகள் வரும் என்பதில் இருசாராருக்கும் துணிவில்லை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரும், அகலப்படுத்துதற்குரிய காலத்தையும் கடமையையும் எழுத்தில் வற்புறுத்தாமை பெரும்பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறிதொன்றும் காணத்தக்கது. புறவழி திறந்த நாளில் அதன் இருமருங்கும் பெரும்பாலும் வயலும் வறண்ட காடுமே. இன்றோ வீட்டுமனைகளும் கிடங்குகளும் கல்லூரிகளும் உணவுவிடுதிகளும் நெருங்கிவிட்டன. நகரை விட்டு விலகிச் சென்ற சாலையை நகர் தேடிச் சென்று பற்றிக்கொண்டது. இலண்டனைச் சுற்றி 1986-இல் முடிந்த 117 மைல் வட்டச்சாலையும் சில ஆண்டுகளுக்குள் வண்டிகளால் நிரம்பி வழிந்தது. கோவை நகருக்குள் நெரிசல் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. உக்கடம் ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024-இல் திறக்கப்பெற்றது; அவிநாசிச் சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025-இல் திறக்கப்பெற்றது. நகரை நாடி வரும் வண்டிகளைப் புறவழி குறைக்காது என்று தொடக்கத்தில் கூறியதற்கு இவ்விரு மேம்பாலங்களும் சான்று.

நம் அகளியார்க்கு நேரே தொடர்புடையது மேற்குப் புறவழி. மதுக்கரையை அடுத்த மைல்கல் என்னுமிடத்திலிருந்து மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32.43 கிலோமீட்டர். மூன்று பகுதியாகப் பிரித்து, மாதம்பட்டி வரையுள்ள முதற்பகுதிக்கு 2023-இல் பணி தொடங்கிற்று. சுண்டக்காமுத்தூர், தீத்திபாளையம், மாதம்பட்டி, சோமையம்பாளையம், பன்னிமடை என்று அது மலையடிவாரத்தைச் சார்ந்து செல்கிறது. இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு இருக்கும் அதே சுண்டக்காமுத்தூர்தான்! ஆயிரம் ஆண்டுகட்கு மேல் கழித்துப் பெருவழி மீண்டும் மேற்கே திரும்புகிறது. முழுதும் முடிந்தால், ஆனைகட்டியிலிருந்து தடாகம் வழியாக இறங்கும் நம் வண்டிகள் கவுண்டம்பாளையத்தையும் உக்கடத்தையும் காணாமலே மதுக்கரையை அடைந்து வாளையாற்றுக்குத் திரும்பலாம். நோயாளியை ஏற்றிக்கொண்டு நகர நெரிசலில் சிக்கித் தவித்த குடும்பத்தார்க்கு இதன் பொருள் விளங்கும்.

எனினும் நம் வசதியை மட்டும் எண்ணுதல் முறையன்று. தென்கிழக்குப் பக்கம்போல் இது வறண்ட நிலமன்று. நொய்யல் மலையினின்று இறங்கிச் சமவெளியைத் தொடும் இடம் இது. சித்திரைச்சாவடி அணைக்கட்டு முதலாக அணைகளும் வாய்க்கால்களும் கோவையின் குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பும் தலைப்பகுதி இதுவே. தென்னை, பாக்கு, வாழை, மஞ்சள் விளையும் தோட்டங்களை உடையவர், நிலத்தைத் தரத் தயங்கியதில் வியப்பில்லை. உயர்த்திய சாலைக்கரை ஒன்று வாய்க்காலை மறித்தால் கீழே ஒரு குளம் வற்றும். மேலே ஒரு தோட்டம் மூழ்கும். ஆகவே இங்கே வண்டிகளைக் கணக்கெடுத்தல் மட்டும் போதாது. வழியிலுள்ள ஒவ்வொரு மடையையும் ஓடையையும், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் பள்ளத்தையும் கணக்கெடுத்து, அவற்றிற்குரிய கண்பாலங்களைத் தேவைக்கு மேலும் அகலமாக விடுதல் வேண்டும். மதுக்கரை, வாளையாற்று அடிவாரத்தில் யானைகள் நடமாடும் தடங்களும் உண்டு. அவை நம்மைக் கேட்டு வழி மாறுவன அல்ல. நம் மலைப்பக்கத்துச் சிறுவாணி நீர் குகைவழியே அந்நகருக்குச் சென்றுகொண்டிருக்கிறது. நீருக்கு வழிவிடும் அருமையைக் கோவையார்க்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாம் பகுதியும் முடிந்து இப்புறவழி நரசிம்மநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையைச் சேரும் நாளில், அதன் அருகே ஓர் இருப்புப்பாதையும் சென்றுகொண்டிருக்கும். போத்தனூரோடு நின்றுவிட்ட தொடர்வண்டியை 1873-இல் கோவைக்குள் கொண்டுவந்த பழைய கிளைப்பாதை அதுவே.